கல்யாணக் காரும் மறைந்த இரண்டு துளைகளும்

என்னிடம் ஐம்பது வயதைத் தாண்டிய கார் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அதன் என்ஜினை நானே பிரித்துப் பூட்டினேன். அதன் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் தகடு கிடைக்காததால், ஜெலுத்தோங் கடைத்தெருவில் வேறு மாடலுக்கானதை வாங்கினேன். போல்ட் துளைகள் பத்தும் பொருந்தின. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் எட்டுத் துளைகளில் இரண்டு மறைந்தன. ஆறு போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் குமரன் தங்கையின் கல்யாணத்துக்குக் காரைக் கேட்டபோதும் அதைச் சொல்லவில்லை.

மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலில் என்ஜின் கொதித்து நின்றது. நான் இறங்குவதற்குள், முன்சீட்டிலிருந்த குமரன் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். கொதிநீர் அவன் வலது கையில் பாய்ந்தது.

கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தான். அண்ணன் பொரி கொடுக்கும் சடங்கில் இடது கை ஆகாது என்று, வெந்த கையாலேயே பல்லைக் கடித்தபடி அள்ளிக் கொடுத்தான்.

“நான்தான் அவசரப்பட்டுட்டேன், அங்கிள். நீங்க கவலப்படாதீங்க லா,” என்று என்னையே தேற்றினான்.

மறுநாள் அவனிடம் கேஸ்கெட் பற்றிய உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த கட்டைத் தடவிப் பார்த்தான்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வேற கார் பாத்திருப்பேனே, அங்கிள்.”

சரியான கேஸ்கெட்டை வெளியூரிலிருந்து வரவழைத்து மாற்றிவிட்டேன். ஆனாலும் இப்போது யாரையும் ஏற்றுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, இதில் நான் பொருத்தியிருக்கும் வேறு வண்டிப் பாகங்கள் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுகிறேன். அப்படிப்பட்டவை இன்னும் ஆறு இருக்கின்றன. பாதிப் பேர் பஸ்ஸில் போய்விடுகிறார்கள். போகட்டும்.