மூக்கின் மேல் ஒரு துளி

"ஞாயிறு. இன்று வெயில் நாற்பத்திரண்டு டிகிரி வரை போகுமாம். முறுக்கு இன்றும் கீரையைத் தொடவில்லை. கண் உள்ளே போயிருக்கிறது."

சென்ற ஆண்டு ஜனவரியில், சிட்னி செவன் ஹில்ஸில் உள்ள எங்கள் வீட்டில், காலை காபிக்குப் பிறகு டைரியில் நான் எழுதிய வரிகள் இவை. எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். அன்று மதியம் நடந்ததை மட்டும் எழுதக் கை ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முறுக்கு என்பது ஓர் ஓணான். எங்கள் மகள் ஆசைப்பட்டது பச்சோந்திக்கு. ஆனால் வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்க இந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. பச்சோந்திக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படி என்பதுவரை படித்து வைத்திருந்தவள், கடைசியில் உரிமம் வாங்கி, இந்த மண்ணிலேயே உள்ள தாடி ஓணான் ஒன்றைக் கொண்டுவந்தாள். கழுத்தைச் சுற்றி முள் முள்ளாக இருந்ததால் முள்ளு முறுக்கு என்று பெயர். கூப்பிடும்போது வெறும் முறுக்கு.

என் கணவர் அதைத் தொட மாட்டார். பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். முறுக்கு இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தால்கூடத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மகளுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தபோது வீட்டில் பெரிய சண்டை. "சிட்னியில இல்லாத வேலையா?" என்று இவர். "எனக்குப் பிடிச்ச வேலை அங்கதான் இருக்கு" என்று அவள். கடைசியில் அவள் எதிரில் நிற்கும்போதே என்னைப் பார்த்து, "போறதுன்னா அந்த ஓணானையும் தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். அங்கே வாடகை வீட்டில் பிராணிகளுக்கு அனுமதியில்லை. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு என்மேல கோபம்னா என்மேலேயே காட்டட்டும்மா. முறுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி.

பச்சோந்தியைப் போலவே இதற்கும் தண்ணீர் துளியாகத் தெரிந்தால்தான் குடிக்கத் தோன்றும், கிண்ணத்தில் அசையாமல் இருக்கும் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது என்று மகள் சொல்லித்தான் போயிருந்தாள். கொஞ்ச நாள் இலைகளிலும் கல்லிலும் தண்ணீர் தெளித்தேன். பிறகு கிண்ணம் நிறைந்திருப்பதைப் பார்த்து, வேண்டுமானால் குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் வெயில் ஏறியதும் இவர் முறுக்கு இருக்கும் அறையில் ஏசியை நாள் முழுக்க ஓடவிட்டார். "ஓணானுக்கா?" என்று கேட்டேன். "அதுக்கு எதுக்கு? எனக்குத்தான்" என்றார். உட்கார்ந்திருந்ததோ ஹாலில், மின்விசிறிக்குக் கீழே. அந்த வறண்ட குளிர்காற்றும் சேர்ந்துதான் அதை வாட்டியிருக்கிறது.

ஞாயிறு மதியம் அதன் தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு விரியாமல் அப்படியே நின்றது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவமனை திங்கள்கிழமைதான் திறக்கும். அவசரத்துக்கு இருந்த இன்னொரு இடத்தில், ஊர்வனவற்றைப் பார்ப்பவர் இன்று இல்லை என்றார்கள். இது செத்துப்போனால், அப்பா சாகவிட்டார் என்றுதான் அவள் நினைப்பாள். அப்புறம் இவர்கள் இருவரும் எந்தக் காலத்தில் பேசுவார்கள்?

நான் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது இவர் அலமாரியைத் திறந்து வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார். குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு நீண்ட சின்னச் சங்கு. மகள் குறைமாதத்தில் பிறந்தவள். உறிஞ்சிக் குடிக்கத் தெரியாத அந்த நாட்களில் சங்கால் சொட்டுச் சொட்டாகப் புகட்டி அவளைத் தேற்றியவர் இவர்தான்.

"ஏங்க, அதுக்கெல்லாம் சங்கு சரிப்படுமா?"

"உன் பொண்ணுக்கே நான்தான் புகட்டினேன். கொண்டா இங்க."

இத்தனை நாள் கிட்டவே போகாத மனிதர் முறுக்கைத் துண்டில் சுற்றி மடியில் மல்லாத்திக்கொண்டார். கைக்குழந்தையைப் பிடிப்பது போலவே பிடித்து, வாயோரத்தை விரலால் நெகிழ்த்திச் சங்கைச் சாய்த்தார். தண்ணீர் உள்ளே போனது. அடுத்த கணம் அதன் உடம்பு வெட்டி இழுத்தது. மூக்கில் குமிழி வந்தது. இவர் முகம் வெளுத்துவிட்டது.

யோசிக்காமல் மகளுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அப்பா, ஸ்டாப்! வாய்க்குள்ள ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்!" என்று கத்தினாள். "அதோட மூச்சுக்குழாய் வாசல் நாக்குகிட்டயே இருக்குப்பா. குப்புறத் திருப்புங்க. தலையைக் கீழ சாய்ங்க. அவ்வளவுதான். மெதுவா."

இவர் சொன்னபடி செய்தார். கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. வாயைத் துடைத்தோம். மூச்சு சீராக வரும்வரை இவர் அதைக் குப்புறவே பிடித்திருந்தார். மெல்பர்னில் அவள் தோழி யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாப்பா, கொன்னுட்டேனா?" என்றார் இவர். அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"இல்லப்பா. கண்ணைத் திறக்குது பாருங்க. இப்ப அந்தச் சங்கு நுனியில ஒரே ஒரு சொட்டு, மூக்கு மேல வைங்க. வாய்ல இல்ல, மூக்கு மேல. வெச்சிட்டு சும்மா இருங்க."

வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சொட்டு உருண்டு துண்டில் விழுந்தது. மறுபடி வைத்தார். அதுவும் விழுந்தது. அடுத்த சொட்டு உதட்டோரம் இறங்கியபோது, இளஞ்சிவப்பாக ஒரு நாக்கு வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு போனது.

"நக்குது! பாப்பா, நக்குது!"

"தெரியுதுப்பா. சோபால சாஞ்சு உக்காந்துக்குங்க. இன்னும் நிறைய சொட்டு வைக்கணும்."

அன்று சாயங்காலம்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. சொட்டுக்கு நடுவே வீட்டு வாடகை, டிராம், அவள் சாப்பாடு என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் எழுந்து காபி போடப் போனேன். என்னை யாரும் தேடவில்லை.

மறுநாள் மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். நுரையீரலைச் சோதித்துவிட்டு, தப்பித்தது என்றார். அங்கே நர்ஸாக இருந்த இலங்கைத் தமிழ்ப் பெண் முறுக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தண்ணி காணாமல் போச்சுது அங்கிள். ஓம், இனி ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் இருத்துங்கோ, ஆள் தெளிஞ்சிடுவார்" என்றாள். தண்ணீர் போதவில்லை என்பதைத்தான் 'காணாமல் போச்சுது' என்றாள். காரில் வரும்போது, "'இவர்'னு எவ்வளவு மரியாதையா சொல்லுது பாரு அந்தப் பொண்ணு. நீயும்தான் இருக்கியே, அது இதுன்னு" என்றார். பின்சீட்டில் கூட்டிலிருந்த முறுக்குக்காகக் காரின் ஏசியையும் அணைத்துவிட்டார்.

இப்போது காலையில் சொட்டு வைப்பது அவர் வேலை. சங்கோடு பெட்டிக்கு அருகில் போனால் முறுக்கு ஒரு முன்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றுகிறது. அப்பாவுக்கு ஹலோ சொல்கிறது என்கிறாள் மகள். சிறியது பெரியதற்கு அடங்கிப் போகும் அடையாளம் அது என்று நான் படித்திருக்கிறேன். ஓர் ஓணானால் ஒரு மனிதரைத் தனியாக அடையாளம் காண முடியுமா என்பதற்குத் திட்டமான விடை எனக்குக் கிடைக்கவில்லை. கால் தூக்குவது அவரைக் கண்டா, தண்ணீரைக் கண்டா என்பது இன்றுவரை உறுதியாகாத செய்தி, டைரியிலும் அப்படித்தான் குறித்திருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி வாதாட அவர் தினமும் மெல்பர்னுக்குப் போன் போடுகிறார் என்பது உறுதி, எனக்கு அது போதும்.