இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

ஜோதி முன்னால் யாரும் ஒரு நிமிஷம் தயங்கக் கூடாது. தயங்கினால் அந்த முடிவை அவளே எடுத்துவிடுவாள். மன்னார்புரத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் நாங்கள் மூன்று பேர் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஓட்டலில் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொடி தோசை சொல்லிவிடுவாள். எனக்கு அது பிடிக்காது என்று நானும் ஐந்து வருடமாகச் சொல்லவில்லை. ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடி விற்கும் வேலை அவளுக்கு. வருகிறவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இதுதான் உங்களுக்கு என்று ஒரு பிரேமை மாட்டிவிடுவாள். முக்கால்வாசிப் பேர் அதையே வாங்கிப் போவார்கள். அந்த ராசிதான் அவளைக் கெடுத்தது. எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது பதினோரு நாள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது ஆள் பவித்ரா. லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம். அப்பா வீரமலை விவசாயி. போன தை மாதம் வையம்பட்டியிலிருந்து பூவரசன் என்ற பையனின் ஜாதகம் வந்தது. பிடித்திருக்கிறதா என்று ஜோதி கேட்டாள். அப்பா சரியென்றால் சரி என்றாள் பவித்ரா. ஜோதி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

அவர்கள் வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் குலசாமி கோயிலில் பூ கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது, அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. சொந்தக்காரர்கள் பொட்டலம் கட்டக் கூடாது என்பதால், அன்றைக்கு என்னோடு வந்திருந்த ஜோதியிடம் பூவைக் கொடுத்தார் வீரமலை. வெள்ளை வந்தது. மனிதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜோதி என் காதில் விஷயத்தைச் சொன்னாள். இரண்டிலும் வெள்ளையைத்தான் வைத்தாளாம். நல்ல பையன், ஒரு பூவினால் கைவிட்டுப் போகக் கூடாதாம். கைப்பையைத் திறந்து சிவப்பு அரளியைக் காட்டினாள். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. தோழிகள் மட்டும் கொடைக்கானல் போய் இரண்டு நாள் கொண்டாடுவது என்று ஜோதி திட்டம் போட்டாள். பத்திரிகை வைத்த பிறகு பொண்ணு மலையெல்லாம் ஏறக் கூடாது என்று வீரமலை மறுத்துவிட்டார். பேரம் பேசிப் பேசி கடைசியில் அனுமதி கிடைத்தது ஸ்ரீரங்கத்துக்கு. ஜங்ஷனில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். உலகத்திலேயே இவ்வளவு நீண்ட சுற்றுலா யாரும் போயிருக்க மாட்டார்கள். அதற்கும் ஜோதி மூன்று தொப்பி வாங்கியிருந்தாள். பவித்ராவின் தோளில், மணப்பெண் என்று ஆங்கிலத்தில் மின்னும் ஒரு பட்டையை மாட்டிவிட்டாள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் லாட்ஜ் அறையில் ஜோதி அவளுக்கு மருதாணி வைத்தாள். மாப்பிள்ளையைப் பற்றி நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். பவித்ரா கையை நீட்டியபடி, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்.

"சிவப்பு வரணும்னுதான் அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆத்தாளே சொல்லிட்டா நான் வாயத் திறக்க வேண்டியதில்லல்ல? வெள்ளை வந்துச்சு. சரி, அவளுக்குத் தெரியாததா, எல்லாம் நல்லதுக்குத்தான்னு மனச மாத்திக்கிட்டேன்."

ஜோதியின் கையில் கோடு கோணிக்கொண்டு போனது. பிறகு வராந்தாவில் ஜோதியைப் பிடித்து, சொல்லிவிடு என்றேன். பத்திரிகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, அவளே மனசை மாற்றிக்கொண்டாள், இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் ஒரு பக்கம், அவள் சொல்லாமல் விட்டால் தேவலை என்றுதான் இருந்தது. சொன்னால் என் சிரிப்பும் சேர்ந்து வெளியே வருமே.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். பவித்ரா காலைத் தண்ணீரில் வைத்திருந்தாள். ஜோதி எந்தப் பீடிகையும் போடாமல் சொல்லிவிட்டாள்.

பவித்ரா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டாள். அப்புறம் என்னைத்தான் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

தெரியும் என்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"அப்ப ஆத்தாகிட்டயும் யாரும் நெசமா கேக்கல. என்கிட்டயும் கேக்கல" என்றாள் பவித்ரா.

ஜோதி அழுதுகொண்டே போனை எடுத்தாள். தானே அப்பாவிடம் பேசி எல்லாவற்றையும் சரி செய்துவிடுவதாகச் சொன்னாள். பவித்ரா அந்தப் போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். வீரமலையின் சத்தம் எங்களுக்கும் கேட்டது. ஆத்தா உத்தரவு கொடுத்த பிறகு இது என்ன பேச்சு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. நான்தான் சொல்றேன்."

பொட்டலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் நின்றது. வீரமலை தனியாக வையம்பட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மகள் சாமி வாக்கைத் தட்டியவள் என்பதுதான் அவர் மனசில் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போனாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாடு கன்று போடவில்லை என்றாலும், போர்க்கிணறு வற்றினாலும் அந்தக் குற்றம்தான் காரணம் என்று அம்மனிடம் போய் அழுகிறார். பவித்ரா எங்கள் அறையைக் காலி செய்து போய் எட்டு மாதம் ஆகிறது.

போன மாதம் ஜோதி தாங்க முடியாமல் அவள் லேப் வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். உங்கள் அப்பா காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் உன்னிடம் பேசினால் போதும் என்று கெஞ்சினாள். பவித்ரா கோபப்படவில்லை. அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை.

"சொல்லிராத ஜோதி" என்றாள். "மழை இல்லன்னாலும் ஒடம்பு முடியலன்னாலும் அவரு அங்கதான் போயி கேக்குறாரு. அந்தப் பூவும் பொய்யின்னு தெரிஞ்சா, இனிமே யாருகிட்ட போயி கேப்பாரு?"