முப்பத்திரண்டாவது சுண்டு

பேத்தியின் கணக்குக் கொப்பியில் நேற்று ஒரு வரியைக் கண்டேன். 11/4 என்ற முறைமையில்லாப் பின்னத்தைக் கலப்பெண்ணாக மாற்றினால் இரண்டே முக்கால். பக்கத்தில் ஆசிரியை பெரிதாகச் சரி போட்டிருந்தார். பிள்ளையில் பிழையில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முக்காலை எவன் தின்றான் என்று எந்தக் கொப்பியும் கேட்பதில்லை.

தொண்ணூறுகளில் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து ஓடிவந்து, களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாய்க் கிடந்தோம். நான் அப்போது இருபது வயதுப் பெட்டை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுண்டு அரிசி; நாலு சுண்டு ஒரு கொத்து. எங்கள் வீட்டில் பதினொரு பேர். பதினொரு சுண்டு, அதாவது இரண்டே முக்கால் கொத்து. அரிசி அளந்த சங்கக்கடை மனேஜரிடம் கொத்து மட்டும்தான் இருந்தது. இரண்டு கொத்தை அளந்து கொட்டிவிட்டு, "முக்காலுக்கு அளவில்ல, அடுத்த ஆள் வா" என்பான். அப்பாவின் தங்கை, என் மாமி, சரியாக ஒரு சுண்டு கொள்ளும் பால்பேணியைக் கொண்டுபோய் நீட்டினாள். "அது கவுண்மேந்து அளவில்ல" என்றான். கவுண்மேந்தின் அளவில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வயிறே கிடையாது! மிஞ்சிய அரிசி பின்கதவால் போனது முகாமுக்கே தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது?

மாமி கைநாட்டு. பின்னம் என்ற சொல்லைக் காதாலும் கேட்டிருக்க மாட்டாள். ஒரு காலை எங்கள் வகுப்பறையில் கிடந்த நாலு குடும்பத்தையும் விரல்விட்டு எண்ணினாள். நாங்கள் பதினொன்று, மகனும் மூன்று மகள்மாருமாக மாமி வீட்டில் ஐந்து, மற்ற இரண்டு வீட்டில் ஏழும் ஒன்பதும். தனித்தனியாய்ப் போனால் நாலு வீட்டுக்கும் ஆறு கொத்து. சேர்ந்து போனால் முப்பத்திரண்டு சுண்டு, எட்டுக் கொத்து, ஒரு மணி குறையாது. கிராமசேவகரிடம் போய், "நாங்க நாலு குடும்பமில்ல ஐயா, ஒரு உலைதான் வெச்சிருக்கம், வந்து பாருங்க" என்று சண்டை பிடித்துப் பதிவை மாற்றுவித்தாள். எட்டுக் கொத்து அளந்தபோது மனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மாதம்கூடப் போகவில்லை. ஒரு காலை ஆமி முகாமைச் சுற்றி வளைத்து ஆம்பிளைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது. மாமியின் ஒரே மகனை, என் மச்சானை, கொண்டுபோனார்கள். பத்தொன்பது வயது. அன்று பகலே மனேஜர் பதிவேட்டை விரித்தான். "இப்ப முப்பத்தொரு பேர். ஏழே முக்கால். ஏழு கொத்து." சொல்லிக்கொண்டே பேனையை மச்சானின் பெயருக்கு மேல் கொண்டுபோனான். பிடித்துக்கொண்டு போனது ஒருவனை. பறிக்கப் பார்த்தது நாலு பேரின் சோற்றை. இதுவா கணக்கு? அந்தக் கொத்தைப் பிடுங்கி அவன் மண்டையில் போட வேண்டும்போல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மாமி பதிவேட்டில் கையை வைத்தாள். அழவில்லை.

"வெட்டு. வெட்டிப்போட்டுப் பக்கத்தில ஆமி கொண்டுபோனவன் செத்திட்டான் எண்டு எழுது. எழுதி உன்ட கையெழுத்த வையி. மறுகா நான் ஏழு கொத்து வாங்கிறன்."

மனேஜர் வாசலில் நின்ற ஆமிக்காரனைப் பார்த்தான். பேனையை மூடினான். எட்டுக் கொத்தை அளந்தான்.

உலையடியில் மாமி பால்பேணியால் அளந்து அளந்து போட்டாள். முப்பத்தொன்று போன பிறகும் சாக்கின் அடியில் ஒரு சுண்டு கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாதான் அதை ஒரு சட்டியில் வாரி, "இது அவனுக்கெண்டு கிடக்கட்டும் மச்சாள்" என்று ஒதுக்கப் போனாள். மாமி பாய்ந்து சட்டியைப் பறித்தாள்.

"எடுத்து வெச்சாப் படையலாப் போயிரும் கா! என்ட புள்ள செத்தவனா? போடு உலையில!"

போட்டோம். தின்றோம். மச்சான் வரவில்லை.