ஐந்து மில்லி மருந்து

என் மகளை நான் முதன்முதலில் அடித்தது ஒரு இட்லிக்காக. அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து சில மாதம் இருக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று தட்டில் வைத்த இட்லியை இரண்டாகப் பிட்டுவிட்டேன். அவளுக்கு முழு இட்லிதான் வேண்டுமாம். வேறு இட்லி எடுத்து வைத்தேன். அது வேண்டாம், பிட்ட அதே இட்லிதான் முழுசாக வேண்டும். தட்டைத் தூக்கி எறிந்தாள். சட்னி சுவரிலும் என் சேலையிலும் தெறித்தது. பிறகு மல்லாந்து விழுந்து பின்மண்டையைச் சிமெண்டுத் தரையில் மோத ஆரம்பித்தாள். தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கி, தொடையில் இரண்டு வைத்தேன். அதற்குப் பிறகு அடிப்பது எனக்குப் பழகிவிட்டது. அவளுக்கு அடி வாங்குவது பழகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே திகைத்துப் போய் என்னைப் பார்ப்பாள்.

எங்கள் வீடு சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில். நான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்க்கிறேன். பேப்பர்க் குழாய்களுக்குள் வெடிமருந்தை அடைக்கிற வேலை. அவள் அப்பாவுக்குத் திருத்தங்கலில் அச்சாபீஸ் வேலை. காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகூட அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் வேலை பார்க்கும் அறையில் எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, உரசக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் மேல் எரிச்சல் வந்தால்கூட கை மெதுவாகத்தான் போக வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் போர்மேன் என்னைக் காட்டி, "அந்தப் பிள்ளை கையப் பாருங்க, பூ வைக்கிற மாதிரி வைக்கும்" என்பார். வீட்டில் அந்தக் கையை அவர் பார்த்திருக்க வேண்டும். கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோபத்தையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, சாயங்காலம் இரண்டையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

வேலை முடிந்து வரும்போது கையிலும் கழுத்திலும் முடியிலும் பொடி ஒட்டியிருக்கும். என்னைக் கண்டதும் மகள் ஓடி வருவாள். "தொடாத, தள்ளிப் போ. அம்மா மேல பூரா மருந்து. தொட்டேன்னா செத்துருவ" என்று அதட்டிவிட்டு நேரே குளிக்கப் போவேன். குளித்து முடிக்கும்வரை அவள் தகரக் கதவை உதைத்துக்கொண்டே கத்துவாள். ஈரத்தலையோடு வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளை ஒரு அடி அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தூக்குவேன்.

அவளுக்கு மூன்று வயது ஆகும் சமயத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலை பார்த்த கம்பெனியில் விபத்து நடந்தது. அது வேறு கம்பெனி. சத்தம் எங்கள் அறைவரை கேட்டது. நாங்கள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினோம். தெற்கே புகை எழுந்துகொண்டிருந்தது. அந்த அக்கா என் மகளுக்கு முடி சீவிவிடுவாள், முறுக்கு கொடுப்பாள், நான் அடிக்கும்போது வந்து பிடுங்கிக்கொண்டு போவாள். மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் துணி விலகி ஒரு கை தெரிந்தது. அது கையாக இல்லை. என் இடுப்பில் இருந்த மகளின் கண்ணை நான் பொத்தியிருக்க வேண்டும். நான் என் வாயைத்தான் பொத்திக்கொண்டேன்.

அதன்பின் பதினாறு நாளும் அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். மருந்து உரசியிருக்கும் என்றார்கள். மருந்தை வெயிலில் போட்டிருப்பார்கள் என்றார்கள். வயிற்றில் மருந்து பட்டு குடல் வெந்துவிட்டதாம் என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளைகள் எல்லாம் எங்கள் மடியிலும் காலடியிலும்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு மகளின் ஆட்டம் அளவு மீறிப் போனது. சட்டை மாட்டினால் கிழிப்பாள். தலை சீவினால் கடிப்பாள். ஒருநாள் என் முழங்கையில் பல் பதிந்து ரத்தம் வந்தது. நானும் அவள் கையைப் பிடித்துக் கடித்தேன். வலி தெரிந்தால் விட்டுவிடுவாள் என்று தெருவில் யாரோ சொன்ன யோசனை அது. அவள் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கடியோடு சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிற்றையும் கடித்துத் துப்பினாள்.

அந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பும் வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிவிட்டது. சிவகாசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் காய்ச்சல் மருந்து பாட்டிலை என் கையில் கொடுத்து, "உடம்பு சூடு ஏறும்போதே இதுல அஞ்சு மில்லி உள்ள போயிரணும்மா. விட்டீங்கன்னா மறுபடியும் இழுக்கும்" என்றார். ரோஸ் நிறத்தில், பழவாசனையோடு இருந்தது. ஒரு மூடி அளவுதான்.

அந்த ஒரு மூடி உள்ளே போக நாங்கள் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. அவள் அப்பா காலைப் பிடித்துக்கொள்வார். நான் அவள் இரண்டு கைமேலும் முழங்காலை வைத்து அழுத்தி, மூக்கைப் பிடித்து, வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்டியைத் திணிப்பேன். அவள் பல்லை இறுக்கிக்கொள்வாள். நான் கரண்டியைத் திருகுவேன். உள்ளே போனதை என் முகத்திலேயே துப்புவாள். கன்னத்தில் அறைவேன், மறுபடியும் ஊற்றுவேன். ஒருநாள் கரண்டி விளிம்பு கிழித்து உதட்டிலிருந்து ரத்தம் வந்து, ரோஸ் மருந்தோடு சேர்ந்து தாடையில் வழிந்தது. "ஏ புள்ள, விடு. காய்ச்சல் கொல்றதுக்கு முந்தி நீ கொன்னுருவ போலிருக்கு" என்று அவர் காலை விட்டுவிட்டார். விட்ட மறு நொடி அவள் என் வயிற்றில் உதைத்தாள். அன்றைக்கு நான் அவளைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். வைக்கவில்லை, எறிந்தேன். மருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. சாயங்காலம் இரண்டாவது வலிப்பு வந்தது.

இந்தத் தடவை விருதுநகர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருக்க வேண்டியதாயிற்று. ஊசி போட வந்த நர்ஸ் கிழிந்த உதட்டையும் கன்னத்தில் இருந்த விரல் தடத்தையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

ஊர் திரும்பியதும், விஷயம் கேள்விப்பட்டு எங்கள் தெருப் பால்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்தது. என்னைவிட ஐந்தாறு வயது சின்னப் பெண். கல்யாணம்கூட ஆகவில்லை. "அக்கா, அவ கத்தும்போது நீங்க கத்தாதீக. அந்நேரம் புத்தி சொன்னா காதுல ஏறாது. பக்கத்துல தரையில உக்காருங்க. உங்க மூச்சு முதல்ல அடங்கட்டும். அடங்கினப்புறம் என்னத்துக்குப் பயப்படுறான்னு கேளுங்க" என்றது.

"பயமா? இவளா? இவளப் பாத்து நாங்கதான் பயந்துகிட்டு இருக்கோம். ஒரு நாள் கூட்டிட்டுப் போயி வச்சிருந்து பாருங்க டீச்சர், அப்புறம் வந்து மூச்சப் பத்திப் பேசுவோம்."

"பால்வாடியில தெனமும் இருபது பேரு இருக்காகக்கா" என்று சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் வேறு வழி இல்லையே. மூன்றாவது வலிப்பை என்னால் பார்க்க முடியாது. அடுத்த நாளே உட்கார்ந்து பார்த்தேன். சோப்பு டப்பாவுக்காக அவள் அழுது உருண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டேன். சோப்பு டப்பா என் நெற்றியில் வந்து விழுந்தது. கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையோடு எழுந்து கொல்லைக்குப் போய், ஊறப்போட்டிருந்த போர்வையை எடுத்துத் துவைக்கிற கல்லில் அடித்தேன். அடி அடியென்று அடித்தேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். போர்வை ஓரம் கிழிந்தது. திரும்பி வந்த பிறகும் என் கை அவள்மேல் படவில்லை. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் துணி வெளுத்த மாதிரி எந்த வீட்டிலும் வெளுத்திருக்காது. அடி எல்லா நாளும் கல்லோடு நிற்கவில்லை. இரண்டு தடவை அவள்மேலும் விழுந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் காய்ச்சல் வந்தது. கழுத்தில் கை வைத்தால் கொதித்தது. அவர் அச்சாபீஸுக்குப் போயிருந்தார். காலைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பாட்டிலை எடுத்த சத்தத்திலேயே அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். உள்ளே இருந்து கத்தினாள். கைக்குக் கிடைத்த செருப்பு, டம்ளர், தேங்காய் எல்லாம் வெளியே வந்து விழுந்தன. காலைப் பிடித்து இழுக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். இழுக்காவிட்டால் வலிப்பு. இழுத்தால் மறுபடியும் உதடு, ரத்தம், துப்பல், அதற்குப் பிறகும் வலிப்பு. நான் தரையில் படுத்துவிட்டேன். அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் படுத்தேன். என் மூச்சு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அவள் கத்தல் கேவலாக மாறி, கேவல் விக்கலாக மாறியது. காய்ச்சலில் கண்கள் சிவந்து மின்னின.

"என்ன பயம் தாயி?" என்றேன். டீச்சர் சொன்னதைத்தான் சொன்னேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை.

"எம்மா, மருந்து வேணாம்மா" என்றாள். "வயித்துக்குள்ள வெடிச்சிரும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எது வெடிக்கும்?" என்று கேட்டேன்.

"மருந்து. அக்காவுக்கு வெடிச்சுச்சுல்ல? கை கருப்பாப் போச்சுல்ல? தொட்டாலே செத்துருவேன்னு நீதான சொன்ன."

எங்கள் ஊரில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்துதான், குழாயில் அடைப்பதும் மருந்துதான். நாங்கள் இரண்டையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டே வளர்ந்துவிட்டோம், எங்களுக்கு ஒருநாளும் குழம்பியது இல்லை. அவளுக்கு யார் பிரித்துச் சொன்னது? அவள் அறிந்ததெல்லாம் ஒரே மருந்துதான். அம்மா உடம்பில் ஒட்டியிருந்தால் தொடக் கூடாது. உரசினால் பற்றிவிடும். வயிற்றில் பட்டால் குடல் வெந்துவிடும். முடி சீவிவிட்ட அக்காவைக் கொன்றது அது. அதைத்தான் நான் அவள் கைமேல் ஏறி உட்கார்ந்து வாய்க்குள் ஊற்றியிருக்கிறேன். அவள் தப்பி ஓடாதபடி அவள் அப்பா காலைப் பிடித்திருக்கிறார். அடம் என்றேன், திமிர் என்றேன், பேய் என்று கயிறு கட்டினேன். ஒரு மூன்று வயதுப் பிள்ளை தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தாயோடும் தகப்பனோடும் மல்லுக்கு நின்றிருக்கிறது. அன்றைக்குத் தரையில் படுத்தபடி என்னை நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"இது அந்த மருந்து இல்ல தாயி. இது காய்ச்சலுக்கு. வெடிக்காது" என்றேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ஒரு மூடி ஊற்றி அவள் பார்க்க நான் குடித்தேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து, சேலையை விலக்கி, என் வயிற்றில் காதை வைத்தாள். கன்னம் நெருப்பாகச் சுட்டது. நான் அசையாமல் கிடந்தேன். அவள் வெகுநேரம் கேட்டாள்.

பிறகு எழுந்து உட்கார்ந்தாள். நான் இன்னொரு மூடி ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "குடிக்கிறியா, அம்மாவுக்காக?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். மூடியைத் தரையில் மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

வெடிக்கும் என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை அடித்த பிறகும், நான் கேட்டேன் என்பதற்காகக் குடித்திருக்கிறாள்.