பூசை அறையில் ஓர் அலுவலகம்

எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒழுங்காகச் சாத்தக்கூடிய கதவுகள் இரண்டே. ஒன்று குளியலறைக்கு உரியது; மற்றொன்று பூசை அறைக்கு. படுக்கையறைக் கதவு மழையில் உப்பி, நிலைக்குள் நுழைய மறுத்துப் பல காலமாயிற்று. கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையொன்றை எனக்குத் தர முன்வந்தபோதுதான் கதவுகளைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

மருத்துவக் கருவிகளின் கையேடுகளைப் படித்துத் திருத்தும் வேலை அது. சிம்பாங் அம்பாட் தொழிற்சாலை ஒன்றில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் நாள்தோறும் எங்கள் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலத்தைக் கடந்து போக வேண்டும். வாகன வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் லாரிகளின் பின்புறங்கள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். அவற்றை இனிக் காணவே கூடாது என்பதுதான் என் வாழ்வின் ஒரே இலட்சியமாக இருந்தது.

ஒப்பந்த வரைவு வந்தது. பணிநேரத்தில் கதவு சாத்தியிருக்க வேண்டும். அறைக்குள் வேறெவரும் நுழையக் கூடாது. கணினித் திரை பிறர் கண்ணில் படக் கூடாது. எல்லாம் சம்மதமே. அடுத்த விதிதான் தொண்டையில் சிக்கியது: நிறுவனம் விரும்பும்போது என் பணியிடத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றலாம். என் கணவருக்கு எங்கள் தீவிலேயே, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு அருகில் துணிக்கடை இருக்கிறது. கடையைத் தோளில் சுமந்துகொண்டு அவரால் தலைநகருக்கு வர இயலாது.

நிறுவனத்தில் ஆள்சேர்ப்பைக் கவனித்த இளம்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அது சும்மா போட்டு வெச்சதுலா, அக்கா. இதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதே இல்ல.”

“கூப்பிடவே போறதில்லன்னா எதுக்கும்மா எழுதி வெச்சிருக்கீங்க?”

“ஐயோ அக்கா, நீங்க ரொம்பத்தான் படிக்கிறீங்க.”

“படிக்கிறதுக்குத்தானே என்னை வேலைக்கு எடுக்கிறீங்க?”

இதற்கிடையில் என் கணவர் அவ்வரைவை அச்செடுத்து, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டார். நான் ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தத்துக்கு ஆசி கிடைத்துவிட்டது. பிள்ளையார் அதைப் படித்தாரா என்பது தெரியவில்லை. கோலாலம்பூர் விதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இறுதி ஒப்பந்தம் தருமுன் வேலை செய்யும் அறையைக் காணொளியில் பார்க்க வேண்டும் என்றார்கள். மேசையைப் பூசை அறையில் போட்டேன். படங்களைச் சற்று நேரம் கூடத்துக்கு மாற்றலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

“சாமிய நகத்த முடியாது. வேணும்னா நீ பாத்ரூம்ல ஆபீஸ் போட்டுக்க.”

வேறு வழியின்றித் தெய்வங்களுக்கு முன்னால் பூக்கள் அச்சிட்ட ஒரு பாத்தேக் துணியைத் திரையாகத் தொங்கவிட்டேன். திரைக்குப் பின்னால் அவர் ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்ததை எனக்குச் சொல்லவில்லை.

“அக்கா! பின்னால புகை வருது! வீடு பத்திக்கிச்சா?”

திரையை விலக்க நேர்ந்தது. பிள்ளையார், மாரியம்மன், இரு மனைவியரோடும் மயிலோடும் முருகன் என்று ஒரு பெருங்குடும்பமே என் பணியிடத்தில் வெளிப்பட்டது. அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உத்தியோகம் நினைவுக்கு வந்தது.

“கம்ப்யூட்டர் ஸ்கிரீன் சாமி பக்கம் தெரியுதேக்கா.”

“அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கம்மா.”

“அது சரி, விளக்கு ஏத்த யாரு வருவா?”

“நாந்தான்! தெனமும் காலையில!” என்று கணவர் கதவுக்கு வெளியிலிருந்து பெருமையோடு குரல்கொடுத்தார்.

“அப்போ இதுக்குத் தனியா எழுதி வாங்கணும்க்கா. வாயால சொன்னா செல்லாது.”

“என்னைக் கேஎல்லுக்கு மாத்துற விஷயம் மட்டும் வாயால சொன்னா செல்லுமா?”

அந்தப் பெண் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

“கேட்டுப் பாக்குறேன்க்கா,” என்றார் இறுதியில், மிகவும் மெல்லிய குரலில்.

அவர் உண்மையாகவே கேட்டிருக்க வேண்டும். திருத்திய ஒப்பந்தம் வந்தது. வழிபாட்டுக்குரிய படங்கள் அவ்வறையில் நிரந்தரமாக இருக்கலாம்; பணி தொடங்குமுன் கணவர் உள்ளே வந்து விளக்கேற்றலாம். கோலாலம்பூர் விதியில் ஒரு காற்புள்ளிகூட அசையவில்லை. என் வீட்டில் நிலையாகத் தங்கும் உரிமையைத் தெய்வங்களுக்கு எழுத்தில் வழங்கிய நிறுவனம், எனக்கு அதை வழங்க விரும்பவில்லை.

“கையெழுத்து போடு. சாமி பாத்துக்கும்,” என்றார் கணவர்.

“சாமிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கு என்ன கவலை? கேஎல்லுக்கு வான்னு கூப்பிட்டா நீங்க வருவீங்களா?”

அவர் துணிக்கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வேலை வேண்டாம் என்று பணிவாக எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு அழுகை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் பாலத்தின் நடுவில், தெரிந்த லாரி ஒன்று எனக்கு முன்னால் வந்து நின்றது.

மாலையில் அந்த அச்சுப்படியைக் கிழிக்கப் போனேன். கணவர் பதறினார்.

“மஞ்ச வெச்சத யாராச்சும் குப்பையில போடுவாங்களா?”

ஆகவே அது பிள்ளையாரின் காலடியிலேயே கிடக்கிறது. எங்கள் குடும்பத்தில் இன்றுவரை வீட்டிலிருந்தே பணியாற்றுவது அது ஒன்றுதான்.