கண்ணாடி இல்லாத மாடி

புத்தூர் ஆந்திராவோடு இருப்பதா, சென்னை மாநிலத்தோடு சேர்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. சென்னையோடு சேர்க்கக் கேட்டு நாங்கள் நடத்தும் மாநாட்டுக்கு இடம் பார்க்க வந்திருக்கிறேன். ரயிலடி ஹோட்டலின் மாடி நல்ல விசாலம். ஆனால் ஜன்னல்களில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை. காபி கொண்டுவரும் சர்வரின் தலையில் ரத்தம் ஊறிய கட்டு.

"தெலுங்குக்காரர்கள் வேலையா?" என்று கொதிக்கிறேன்.

"இல்ல சார். முந்தாநாள் அவங்கதான் மாடியில கூட்டம் போட்டுக்கினு இருந்தாங்க. தெருவுல நின்னு கல்லு உட்டது நம்மாளுங்க," என்கிறார் முதலாளி. அவரும் தமிழர்தான்.

காபியைத் தள்ளி வைக்கிறேன். இருந்தும், மாடி கிடைக்குமா என்று கேட்கிறேன்.

"தாராளமா எடுத்துக்குங்க சார். கண்ணாடி மட்டும் உங்க கூட்டமும் முடிஞ்சப்புறம் போட்டுக்கிறேன்."