காலையில மட்டும் அடங்குற வண்டி

பழைய பொக்லைன் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறது என் தொழில். எட்டாவதோட படிப்பு நின்னு போச்சு. லாரி எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட சேர்ந்தேன். பிறகு வண்டிக்குள்ள கன்ட்ரோலர் வந்தது, இஞ்சினையும் பம்பையும் கவனிக்கிற கம்ப்யூட்டர் பெட்டி. வேற வழியில்லாம அதையும் கத்துக்கிட்டேன்.

இஞ்சின் கெட்டுப்போனா சத்தம் போடும், புகை விடும், ஆயில் ஒழுகும். கன்ட்ரோலர் கோளாறு அப்படி இல்லை. வரும், போகும். நாம போய் நிக்கும்போது வண்டி ஒழுங்கா ஓடும். கூப்பிட்டவன் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

வைத்திக்குப்பம் பக்கம் கரையில அப்படி ஒரு வண்டி. அலை மண்ணை அரிக்காம இருக்கப் பாறாங்கல் அடுக்குற வேலை. மொதலாளி நெல்லித்தோப்புக்காரர். பிரான்சில இருக்கிற அண்ணன் அனுப்பின பணத்துல, வெளியூர்ல இருந்து பழைய வண்டியா வாங்கினது. ஓட்ட ரெண்டு ஆபரேட்டர். காலையில ஒருத்தர், மத்தியானத்துக்கு மேல ஒருத்தர். காலை ஆள் அரியாங்குப்பத்துல இருந்து வருவார்.

வேலை நடுவுல இஞ்சின் தானா அடங்கிடும். பாறையைத் தூக்கின கை பாதியில சோர்ந்து நிக்கும். டிஸ்ப்ளேயில ஒரு கோளாறு நம்பர் வரும். பம்ப் பிரஷர் சென்சார்னு அதுக்கு அர்த்தம். சென்சாரை மாத்திப் பார்த்துட்டாங்க. தீரலை. அதுவும் காலை ஆள் ஓட்டும்போது மட்டும்தான் வருது. மத்தியான ஆளுக்கு ஒரு தடவைகூட வரலை.

மொதலாளி போன்ல சொன்னார். "வண்டி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானண்ணே? இவனுக்கு மட்டும் எப்படி நிக்குது? உடம்பு வணங்கலைன்னா சொல்லிட்டுப் போவலாம்ல? உள்ள என்னவோ நோண்டுறான். நீங்க வந்து பாருங்க. வண்டியில ஒண்ணும் இல்லன்னா அன்னைக்கே அவனை நிறுத்திடறேன்."

மறுநாள் காலையில போனேன். கல் லாரிக்காரங்க வரிசையா நின்னு டீ குடிச்சுட்டு இருந்தாங்க.

"என்னாப்பா, உன் வண்டிக்கு இன்னைக்கு எத்தனை மணிக்குத் தூக்கம் வரும்?" ஒருத்தர் காலை ஆபரேட்டரைக் கேட்டார்.

"வண்டிக்கு எங்கடா வருது? ஓட்றவருக்கு வருது" இன்னொருத்தர்.

ஆபரேட்டர் அவங்க பக்கம் திரும்பலை. என்கிட்ட மட்டும் சொன்னார். "நான் ஒண்ணும் பண்லண்ணே. புள்ளைங்க படிக்குதுங்க. இந்த வேலையை நானே கெடுத்துக்குவனா?"

"பார்க்கறேன்"னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பார்க்காம ஒருத்தரை நம்புறதும் தப்பு, சந்தேகப்படுறதும் தப்பு.

மீட்டர் வெச்சுப் பார்த்தேன். பேட்டரி சரி. எர்த் சரி. சென்சார்ல வர்ற வோல்ட் சரி. எனக்கு முன்னால வந்தவங்களும் இதையேதான் பார்த்திருப்பாங்க. அவரை ஓட்டச் சொல்லிட்டு ஒரு கல்லு மேல உட்கார்ந்தேன். வண்டியைப் பார்க்கலை. ஆளைப் பார்த்தேன்.

நிதானமான ஆள். ஒரு பாறையை வெச்சா, வண்டியை நிறுத்திட்டு எறங்கிப் போவார். தண்ணியில நின்னு கல்லுக்கு அடியில குனிஞ்சு பார்ப்பார். முழங்கால் வரைக்கும் அலை அடிக்கும். ஆடுதுன்னா திரும்ப வந்து அதே கல்லைத் திருப்பி வெப்பார். ஏறும்போது செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துட்டு ஏறுவார். இதை நான் பல தடவை பார்த்தேன். பார்த்தும் மண்டையில ஏறலை.

அப்புறம் இஞ்சின் அடங்குச்சு. பாறை அந்தரத்துல நின்னுச்சு.

"பாத்தீங்களா, பாத்தீங்களா?" மொதலாளி ஓடி வந்தார். லாரிக்காரங்க சிரிச்சாங்க.

இஞ்சின் நின்னாலும் கை கீழ எறங்கும், பாறையை மெதுவா எறக்கச் சொன்னேன். "எதையும் தொடாம கீழ எறங்குங்க."

உள்ளே ஏறினேன். முன் கண்ணாடியில சாமி படம். சீட்டுக்குப் பின்னால அவர் செருப்பு, தண்ணி சொட்டச் சொட்ட. அதுக்கு அடியிலதான் கன்ட்ரோலர். அதை மூடுற கவர் இல்லை. வண்டியை முன்னால வெச்சிருந்தவன் எதுக்கோ கழட்டி, திரும்ப மாட்டாமலே வித்துட்டான். வயர் சேர்ற கப்ளர்ல ரப்பரும் இல்லை. பின்னெல்லாம் பச்சையா களிம்பு. அதுக்கு மேல ஈரம்.

சென்சார் அனுப்புறது ரொம்பச் சின்ன வோல்ட். நடுவுல உப்புத்தண்ணி புகுந்தா அது மாறிடும். பம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு கன்ட்ரோலர் இஞ்சினை அடக்கிடும். இவர் செருப்பை எடுத்துட்டுப் போனதும் மத்தியான வெயில்ல காஞ்சுடும். அடுத்த ஆள் ஏறும்போது வண்டி நல்லா இருக்கும்.

"செருப்பை ஏன் இங்க வெக்கிறீங்க?"

"சாமி இருக்குல்லண்ணே. செருப்புக் காலோட ஏறக்கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. கீழ விட்டா செயின்ல நசுங்குது. ஒரு ஜோடியை அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"மத்தியானம் வர்றவர்?"

"அவரு ஷூவோட ஏறுவாரு. ஏறினா எறங்க மாட்டாரு."

கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வயர் பழசுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ஈரச் செருப்பு திரும்ப அதே இடத்துக்குத்தான் வரும். செருப்புன்னு சொன்னா, மொதலாளி அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு இந்த ஆளை அனுப்பிடுவார். சொன்னதைக் கேட்டு, கல்லை ஒழுங்கா வெக்கிற ஆளுக்கு அதுதான் கூலியான்னு இருந்துச்சு. எல்லாத்தையும் சொல்றதுன்னு எறங்கினேன்.

மொதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்ப இவன் செருப்புதான் காரணம்!"

"தண்ணி செருப்புல இருந்து வந்தது. கவர் இல்லாததால உள்ள போச்சு. கவர் இல்லாத வண்டியை வாங்கினது நீங்க. செருப்பைக் கழட்டச் சொன்னதும் நீங்க."

அவர் சாமி படத்தைப் பார்த்தார்.

களிம்பைச் சுரண்டி, ஸ்பிரே அடிச்சு, காய வெச்சேன். கெட்ட பின்னை மாத்தி ரப்பர் போட்டேன். தகரம் வெட்டி ஒரு கவர் பண்ணினேன். கதவுக்கு வெளியே செருப்பு மாட்ட கம்பியை வளைச்சு ஒரு கொக்கி வெச்சேன். இஞ்சினை ஓடவிட்டு, கவர் மேல ஒரு பாட்டில் கடல் தண்ணி ஊத்தினேன். அடங்கலை.

"சரி, ஏறு" மொதலாளி சொன்னார்.

ஆபரேட்டர் ஏறலை. "அவங்ககிட்ட சொல்லுங்க."

"எவங்ககிட்ட?"

லாரிக்காரங்க பக்கம் தாடையைக் காட்டினார். "நேத்து அவங்க முன்னாலதான் திருட்டு வேலை பாக்கிறேன்னு சொன்னீங்க."

மொதலாளி என்னைப் பார்த்தார். நான் மீட்டர் வயரைச் சுத்திக்கிட்டு இருந்தேன். கல் ஏத்தின லாரி எல்லாம் எறக்க முடியாம நிக்குது. மொதலாளி அவங்ககிட்ட நடந்து போனார். காத்துல எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. "வண்டியிலதாம்பா கோளாறு. இவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் தெரியாம..."

"நாங்க அப்பவே சொன்னோமே!" தூக்கம்னு கேலி பண்ணின அதே ஆள்.

எல்லாரும் சிரிச்சாங்க. ஆபரேட்டருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. "நல்லா சொன்னீங்க போங்க"ன்னு சொல்லிட்டு வண்டியில ஏறினார்.

மத்தியான ஆள் வர்ற வரைக்கும் நான் கிளம்பலை. காலை ஆள் எறங்கி, தண்ணிக்குள்ள போய்ப் பார்த்து, ஏறிக்கிட்டே இருந்தார். வண்டி அடங்கலை.